குருமடத்தின் அளவுகோல்: கருமத்தம்பட்டி முதல் திருப்பூர் வரை

குருமடங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சில கணக்குகளை முன்வைப்பார்கள். மடம் எத்தனை ஆண்டு நடந்தது, எத்தனை குருக்களைத் தந்தது, அவர்களுள் எத்தனை பேர் ஆயர் ஆனார்கள், கோயிலும் நூலகமும் எந்த அதிபர் காலத்தில் எழுந்தன என்பவை அவை. விழா மலருக்கு இந்தக் கணக்குகள் வேண்டும்தான். ஆனால் ஒரு குருமடம் தன் வேலையை நன்றாகச் செய்ததா என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் விடை சொல்லாது. எந்த மக்களுக்காகக் குருக்கள் உருவாக்கப்படுகிறார்களோ அந்த மக்களின் மொழியையும் பிழைப்பையும் எவ்வளவு அறிந்துகொண்டு அவர்கள் வெளியே வருகிறார்கள் என்பதைக் கொண்டே ஒரு குருமடத்தை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் மண்ணில் குருக்களை உருவாக்க நடந்த முயற்சிகளைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொன்றும் இந்தச் சோதனையில்தான் தேறியிருக்கிறது அல்லது தவறியிருக்கிறது. பனியன் தொழில் பரவிய திருப்பூர் வட்டாரத்தில் அந்தச் சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1563 ஜூலையில் திரெந்து பொதுச்சங்கம் தன் 23-ஆவது அமர்வில் குருமடங்களை நிறுவ ஆணையிட்டது. ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் நகரத்தையும் தன் எல்லையையும் சேர்ந்த சிறுவர்களைத் தானே வளர்த்துப் படிக்கவைக்க வேண்டும். அவர்கள் 12 வயதுக்குக் குறையாதவர்களாக, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஏழைகளின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். பணம் உள்ளவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றால் அவர்களையும் சேர்க்கலாம். பாடங்களாக இலக்கணம், திருச்சபை இசை, திருநாள்களைக் கணிக்கும் முறை, மறைநூல், புனிதர்களின் மறையுரைகள், அருட்சாதனங்களை வழங்கும் முறை ஆகியவை சொல்லப்பட்டன. பாவசங்கீர்த்தனம் கேட்கும் முறை தனியே வலியுறுத்தப்பட்டது. பிற்காலத்தில் குருமடக் கல்வியின் முதுகெலும்பாகக் கருதப்பட்ட தத்துவ இயல் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே குறிக்கப்படவில்லை. உள்ளூர்ப் பிள்ளை, ஏழைப் பிள்ளை, அவன் ஊருக்குப் பயன்படும் படிப்பு என்ற மூன்றும்தான் திரெந்து சொன்ன குருமடத்தின் உயிர். மண்ணுக்கு அருகே குருமடம் இருக்க வேண்டும் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கிளம்பிய நவீன ஆசை என்று சிலர் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் பழைய சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் அந்தச் சட்டம் நேராக நடைமுறைக்கு வரவில்லை. கோவாவில் 1540-களிலேயே புனித பவுல் கல்லூரி இருந்தது. கேரளத்தின் வைப்பிக்கோட்டையில் 1587-இல் குருமடம் அமைந்தது. தமிழ் வழங்கிய நிலத்தில் நடந்தது வேறு. கொல்லத்தைச் சேர்ந்த பிராமணரான பெரோ லூயிஸ் 1561-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1575-இல் குருவாகி, முத்துக்குளித்துறையில் பணிசெய்தார். அவருக்குப் பின், 1773-இல் அந்தச் சபை கலைக்கப்படும் வரை, இந்தியர் எவருக்கும் அதன் கதவு திறக்கப்படவில்லை. இதே காலத்தில்தான் அதே சபையினர் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தமிழ் உரைநடையில் இறையியல் எழுதினார். வீரமாமுனிவர் காப்பியமும் அகராதியும் இலக்கணமும் செய்தார். தமிழை இவ்வளவு ஆழமாகக் கற்றவர்கள் ஒரு தமிழ்க் குருவை உருவாக்க ஒரு பள்ளியையும் தொடங்கவில்லை என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியில்லை. அவர்கள் உருவாக்கியது உபதேசியார்களை. வீரமாமுனிவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' அந்த உபதேசியார்களுக்கான பயிற்சி நூல்தான். ஊர் ஊராகச் சென்று செபம் சொல்லிக் கொடுத்தவர்கள், சாகக் கிடப்பவர் அருகில் அமர்ந்தவர்கள், பஞ்சத்திலும் போரிலும் மந்தையைக் கலையாமல் காத்தவர்கள் அவர்களே. குருவின் உழைப்பில் பெரும்பகுதி அவர்கள் மேல் விழுந்தது. குருப்பட்டம் மட்டும் எட்டவே இல்லை.

இந்த இடைவெளியின் விலை கடலுக்கு அப்பால் தெரிந்தது. டச்சுக்காரர் ஆட்சியில் இலங்கையின் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவித்தபோது ஐரோப்பியத் துறவிகளால் உள்ளே நுழைய முடியவில்லை. 1687-இல் கூலியாள் வேடத்தில் கரையேறியவர் கோவாவில் படித்த இந்தியக் குரு யோசே வாஸ். யாழ்ப்பாணத்தில் தமிழும் பின்னர் சிங்களமும் கற்று, அந்தத் தீவின் திருச்சபையை அவர் மீட்டார். அவரைத் தொடர்ந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் இரு மொழிகளிலும் நூல்கள் எழுதினார். இவர்களுக்குப் பெரிய சபையின் பணபலம் இல்லை. கூட்டத்தில் கலந்தால் கண்டுபிடிக்க முடியாத முகமும் மக்களோடு பேசும் நாவும் இருந்தன. 2015-இல் யோசே வாஸ் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, உள்நாட்டுக் குருக்களால் பொறுப்பைத் தாங்க முடியாது என்று முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த வாதத்துக்கும் பதில் கிடைத்தது.

புதுச்சேரிக்கு வருவோம். பர்மியப் படையெடுப்பால் சயாமை விட்டு வெளியேறிய பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் பொதுக் குருமடம், 1770-இல் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில் தங்கியது. வியத்நாம், சீனம், சயாம் நாடுகளின் மாணவர்கள் ஒரு தமிழ் மீனவக் குப்பத்தின் அருகே உட்கார்ந்து இலத்தீன் படித்தார்கள். பின்னாளில் 1808-இல் பினாங்கில் மறுவாழ்வு பெற்ற அந்தக் கல்லூரி தமிழருக்கென அமைந்ததன்று. ஆனால் ஆசிய நாட்டுப் பிள்ளைகளைக் குருக்களாக்கவே அந்தச் சபை பிறந்தது என்ற நினைவை அது புதுச்சேரிக் கரையில் விட்டுச் சென்றது. பெங்களூரு புனித பேதுரு குருமடம் தன் தொடக்கத்தை 1778-இன் புதுச்சேரியில் காண்கிறது. 1844-இல் ஆயர் பொனாந்து கூட்டிய புதுச்சேரி மாமன்றம் உள்நாட்டுக் குருக்களின் கல்வியைத் தன் மையப் பொருளாக்கியது. அந்தக் குரல் ரோமுக்கு எட்டியது. 1845 நவம்பரில் வெளிவந்த 'நேமினெம் புரொஃபெக்தோ' என்ற ரோமன் அறிவுரை, உள்நாட்டுக் குருக்களை உதவியாளர்களாக வைத்திருக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, ஆயர் பொறுப்புவரை அவர்களைத் தகுதிப்படுத்தக் கேட்டது. அடுத்த ஆண்டே புதுச்சேரி மறைபரப்பு அச்சகம் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி ஒன்றை வெளியிட்டது. ஒரு தமிழ் மாணவன் இறையியலுக்குள் நுழைய இரண்டு ஐரோப்பிய மொழிகளின் வாசலைக் கடக்க வேண்டியிருந்த நிலையை அந்தத் தலைப்பே சொல்கிறது. ஆனாலும் கடைசியில் தமிழ் அங்கே இருந்தது. பின்வந்த காலத்தில் அதுவும் இல்லாமல் போனது.

கொங்கு நாட்டின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. இன்றைய சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், அவிநாசிக்கும் கோவைக்கும் இடையே, சோமனூர் விசைத்தறிகளின் சத்தம் கேட்கும் தொலைவில் இருக்கிறது கருமத்தம்பட்டி. 1846 அக்டோபர் 4 அன்று அங்கே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். வயது 32. அதற்கு முன் புதுச்சேரிக் குருமடத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் இதே தென்னாட்டில் முப்பது ஆண்டு உழைத்த அபே துபுவா, இந்தியரிடையே கிறித்தவம் வேரூன்றாது என்ற கசப்போடு 1823-இல் ஐரோப்பா திரும்பி, அதை அச்சிலும் எழுதிவிட்டார். பிரெசிலாக் அதே மண்ணைப் பார்த்து எதிர்முடிவுக்கு வந்தார். வேரூன்றாததற்குக் காரணம் மக்களிடம் இல்லை, குருத்துவத்தை அவர்கள் கையில் கொடுக்கத் தயங்கியவர்களிடம் இருக்கிறது என்பது அவர் உறுதி. கோவை மறைபரப்புப் பகுதி கைக்கு வந்ததும் குருமாணவர் பயிற்சியைத் தன் முதல் கவலையாக்கினார். கையில் ஒரு சில குருக்கள், வெறுங்கஜானா, எல்லைத் தகராறுகள் என்றிருந்த ஓர் ஆயர் கட்டடத்துக்கும் வருமானத்துக்கும் முன்னே குருமாணவரை வைத்தது சாதாரணத் துணிவு இல்லை. சாதி வழக்கங்களை எதுவரை ஏற்கலாம் என்ற கேள்விக்கு ரோமிடமிருந்து தெளிவான விடை கிடைக்காத நிலையில், மனச்சான்று இடம் கொடுக்கவில்லை என்று அவர் பதவி விலகினார். 1855-இல் அது ஏற்கப்பட்டது. 1856-இல் லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவர் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்ற எண்ணம் கொங்கு மண்ணில் முற்றியது என்பதை இந்த வட்டாரத்தார் போதிய அளவு சொல்லிக்கொள்வதில்லை.

அடுத்து வந்தது தொலைவின் காலம். 1893-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியா, இலங்கை முழுவதற்குமாகக் கண்டியில் திருத்தந்தைக் குருமடத்தை நிறுவினார். அது 1955-இல் புனேக்கு இடம்பெயர்ந்தது. இயேசு சபையினருக்காக 1895-இல் செம்பகனூரில் பயிற்சி இல்லம் எழுந்தது. புதுச்சேரியின் குருமடம் 1934-இல் பெங்களூருக்குப் போனது. 1936-இல் பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடம் தோன்றியது. இவற்றின் கல்வித் தரத்தை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. இலத்தீனில் பாடம் கேட்டு இலத்தீனில் தேர்வெழுதிய அந்தத் தலைமுறை, உலகின் எந்தக் குருமடத்தோடும் சரிநிகராக நின்றது. 1923-இல் தூத்துக்குடியின் ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் நியமிக்கப்பட்டது உள்நாட்டார்மேல் வளர்ந்த இந்த நம்பிக்கையின் கனி. ஆனால் இழப்பும் இருந்தது. அதற்குத் தனிநாயகம் அடிகளைவிடத் தெளிவான சான்று வேண்டாம். யாழ்ப்பாணத்தார், கொழும்புக் குருமடத்திலும் ரோமிலும் படித்து 1938-இல் குருவானவர். அவர் தமிழ் இலக்கியத்தை ஊன்றிக் கற்றது 1940-களில், வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக வந்த பிறகு. அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். குருமடங்கள் கொடுக்காததை ஒரு கிராமம் கொடுத்தது. அவருக்கு முன்னே யாழ்ப்பாணத்துப் புனித மார்ட்டின் குருமடத்திலேயே படித்து 1901-இல் பட்டம் பெற்ற ஞானப்பிரகாசரோ, சொந்த மண்ணை விட்டு விலகாமலே சொற்பிறப்பு ஆராய்ச்சியில் உயர்ந்து நின்றார். இரண்டையும் நேர்மையாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். ரோம் இல்லாவிட்டால் தனிநாயகம் உலகத் தமிழாராய்ச்சிக்கு ஒரு மன்றம் அமைத்திருப்பாரா, 1966-இல் கோலாலம்பூரில் மாநாடு கூடியிருக்குமா என்பது ஐயமே. தொலைவு தரும் அகலத்தை நான் மறுக்கவில்லை. வேர் முந்தியிருக்க வேண்டும், இல்லையேல் பிந்தியாவது ஊன்றப்பட வேண்டும் என்கிறேன். எல்லாருக்கும் ஒரு வடக்கன்குளம் வாய்ப்பதில்லை.

இதற்கு வரும் வலுவான மறுப்பு சாதியைப் பற்றியது. அருகாமை என்று சொல்லி உள்ளூர்க் குருமடங்களை வளர்த்தால் உள்ளூர்ச் சாதியும் சேர்ந்து வளரும். கண்டியிலும் பெங்களூரிலும் பல மொழி, பல சாதிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உண்டதுதான் அந்தக் கட்டை அறுத்தது என்பார்கள். இந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தனிநாயகம் தமிழ் கற்ற அதே வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910 வரை இருந்தது. ஆனால் தொலைவு சாதியை ஒழித்ததா என்று கேட்டால் சான்று வேறு விதமாகப் பேசுகிறது. நூறாண்டு வெளியூர்க் குருமடக் கல்விக்குப் பிறகும் 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியூரில் ஒரே பந்தியில் உண்ட மாணவர் பட்டம் பெற்று ஊர் திரும்பியபோது ஊர் மாறாமலே இருந்தது. ஊரை எதிர்கொள்ளும் பயிற்சி அவருக்குத் தரப்படவில்லை. சாதியோடு போராட வேண்டிய குரு, அது தெருவில், கல்லறையில், திருவிழா மண்டகப்படியில் எப்படி இயங்குகிறது என்பதை மாணவராக இருக்கும்போதே கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சேர்க்கையில் ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் முதலிடம் தரும் பொறுப்பைக் குருமடம் தன்மேல் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். அது திரெந்தின் கட்டளையும்கூட.

இனித் திருப்பூருக்கு வருகிறேன். இங்கே அருகாமை என்பது பிறந்த கிராமத்தின் அருகாமையாக இருக்க முடியாது. மதுரை, திண்டுக்கல், இராமநாதபுரம், தூத்துக்குடி என்று பல மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இங்கே ஒரே பங்கில் இருக்கிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். காலை எட்டரைக்கு ஓவர்லாக் முன் உட்கார்ந்து, ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவு எட்டரைக்கு எழுகிறவர், சனிக்கிழமை சம்பளம் வாங்கி வாடகையும் கந்துவட்டியும் கட்டுகிறவர், ஷிப்மெண்ட் நெருக்கினால் ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்தான் இங்கே இறைமக்கள். வார நாள் மாலைத் திருப்பலிக்கு வராதவர் பக்தி குறைந்தவர் என்று நினைக்கும் குருவுக்கு ஒன்றரை ஷிஃப்ட் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை என்று பொருள். பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் காய்ச்சல் வந்த நாள் ஒன்றுபோல் கழிவதில்லை என்பதை அறிந்தால் அந்தக் குருவின் மறையுரை மாறும். கண்டிக் குருமடத்தை நிறுவிய பதின்மூன்றாம் சிங்கராயர், அதற்கு இரண்டே ஆண்டு முன் 1891-இல் தொழிலாளரின் ஊதியத்தையும் சங்க உரிமையையும் பற்றிய தம் சுற்றுமடலை எழுதினார். ஒரே மனிதரின் இந்த இரண்டு செயல்களும் நம் பாடத்திட்டத்தில் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. பெல்ஜியத்தில் அவை சந்தித்தன. ஜோசப் கார்டைன் இளங்குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஆலைக்குப் போய்விட்ட பள்ளித் தோழர்கள் தன்னை விலக்கிப் பார்ப்பதைக் கண்டார். அந்தக் காயத்திலிருந்து 1925-இல் இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கமும், பார்–ஆய்ந்தறி–செயல்படு என்ற முறையும் பிறந்தன.

குரு தொழிற்சங்கத் தலைவரோ லேபர் ஆபீசரோ அல்லவே, ஆலையைப் படிக்கச் செலவிடும் நேரம் மறைநூலிலிருந்தும் தத்துவத்திலிருந்தும் திருடப்பட்ட நேரம்தானே என்ற இரண்டாம் மறுப்பும் உண்டு. நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயக்கழிவு தொடர்பாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டுப்போன விவசாயிக்கு அது காலம் கடந்து வந்த நீதி. பட்டறையில் கூலிக்கு நின்றவருக்கு மறு வாரமே அடுப்பு எரியாத நிலை. இருவரையும் முன்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டியவருக்குப் பொதுநன்மை என்றால் என்ன, ஈடுசெய்தல் யார் கடமை, தெரிந்து செய்த தீங்குக்கும் தெரியாமல் உடந்தையானதற்கும் என்ன வேறுபாடு என்ற அறநெறி இயலின் கடினமான கேள்விகள் எல்லாம் தேவைப்படும். அக்குயினாவின் தோமாவை ஊன்றிப் படிக்காதவர் அந்த இடத்தில் ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். படித்தும் நொய்யலை அறியாதவர் எவருக்கும் பொருந்தாத பொது வாக்கியம் பேசுவார். ஆகவே இடத்தைப் படிப்பது தத்துவத்தின் நேரத்தைத் திருடுவதாகாது. தத்துவத்துக்கு வேலை கொடுக்கிற ஒரே வழி அதுதான். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதியபோது இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்தார். திருச்சி புனித பவுல் குருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தமிழில் இறையியல் கற்பிக்க நடந்த முயற்சிகள் அந்த வழியில் வந்தவை. அவற்றுக்கு இன்னும் ஆளும் நூலும் பணமும் வேண்டும். ஆங்கிலத்தில் படித்ததை ஞாயிறு காலையில் மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பேசும் இளங்குருவின் மறையுரையில் அந்தச் சிரமம் கேட்கவே செய்கிறது.

2016 டிசம்பரில் ரோம் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி வழிகாட்டி, அறிவுப் பயிற்சியோடு மனிதம், ஆன்மிகம், மேய்ப்புப்பணி ஆகியவற்றையும் ஒன்றாக இணைக்கச் சொல்கிறது. கள அனுபவத்துக்கு இடம் தருகிறது. கோவையில் நல்லாயன் குருத்துவக் கல்லூரி இருக்கிற இந்த வட்டாரத்தில் அதை நிறைவேற்றத் தொலைவாகப் போக வேண்டியதில்லை. கள அனுபவ ஆண்டில் சில மாதங்களாவது குருமாணவர் பங்கு இல்லத்தை விட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில் தங்கலாம். ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் அளவுக்காவது இந்தி கற்கலாம். இலத்தீன் கற்க ஆண்டுகளைக் கொடுத்த மரபுக்கு இது பெரிய சுமையில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் சமூகப் போதனை வகுப்பில் பாடமாகலாம். ஒரு மாற்றத்துக்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். குருப்பட்டத் திருச்சடங்கில், பட்டம் பெற இருப்பவர் தகுதியுள்ளவர்தானா என்று ஆயர் கேட்க, இறைமக்களிடம் விசாரித்து அறிந்ததாகப் பதில் சொல்லப்படுகிறது. அந்த விசாரணை இப்போது பெரும்பாலும் மாணவரின் சொந்தப் பங்கில் வாசிக்கும் அறிவிப்போடு முடிகிறது. அவர் களப்பணி செய்த திருப்பூர்ப் பங்கிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பங்குப் பேரவையைக் கேட்டால் போதாது. செக்கிங் மேசையில் நிற்கும் பெண்களையும் கேட்க வேண்டும், அவர்களுக்கு விடுப்பு கிடைக்கிற நாளில்.